அமேலியா இயர்ஹார்ட் அம்மையார்

விண்வழிச் செல்வார்க்கு மைல்கல் இல்லை, கணக்கே வழிகாட்டி. அக்கணக்கில் ஒருவர் பிழைப்பின் உடன் செல்வார் திருத்துதல் வேண்டும். திருத்தக் கேட்டவர் செவிசாய்த்தலும் வேண்டும். இதனை நன்கு விளக்குவது அமேலியா இயர்ஹார்ட் அம்மையாரின் வாழ்க்கையாம்.

அம்மையார் 1897-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் நாள் அமெரிக்க நாட்டுக் கான்ஸஸ் மாகாணத்து ஆட்சிஸன் நகரிற் பிறந்தார். முதல் உலகப் போரின்போது டொராண்டோ நகரில் காயமுற்ற வீரர்க்குப் பணிவிடை புரிந்தார். 1921-இல் விமானம் ஓட்டப் பயின்றார். 1928-இல் ஆடவர் இருவருடன் அட்லாண்டிக் மாகடலைக் கடந்து புகழெய்தினார். எனினும், விமானத்தைத் தாம் செலுத்தாமையின் அப்புகழ் அவர்க்கு நிறைவளிக்கவில்லை. 1932-இல் தனித்தே அக்கடலைக் கடந்தார். வழியில் உயரங்காட்டும் கருவி பழுதுற்றது. இறக்கைகளிற் பனி உறைந்தது. பாரிஸ் நகரை நாடிச் சென்றவர் அயர்லாந்தின் வடபால் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார். அட்லாண்டிக்கைத் தனியே பறந்து கடந்த முதற் பெண்மணி இவரே.

1937-இல் நிலநடுக்கோட்டை ஒட்டி உலகைச் சுற்றிவர முனைந்தார். மார்ச்சு மாத முயற்சி ஹானலூலுவில் விமானம் பழுதுற்றமையால் தடைப்பட்டது. தந்திக் குறியீட்டில் வல்ல ஹாரி மானிங் என்னும் கப்பற்றலைவர் அதன்பின் விலகவே, வழிக்கணக்கர் பிரெட் நூனன் ஒருவரே துணையாயினார். இருவர்க்கும் இடையே எண்ணெய்த் தொட்டிகள் நிறைந்திருந்தன. ஆதலின், நூனன் தம் கணக்கைச் சீட்டில் எழுதி, மூங்கிற் கழியின் நுனியிற் செருகி முன்னே நீட்டுவார்.

ஜூன் மாதம் பிரேஸிலிலிருந்து ஆப்பிரிக்கக் கரையை அணுகியபோது தெற்கே திரும்புமாறு சீட்டு வந்தது. அம்மையாரோ தம் உள்ளுணர்வை நம்பி வடக்கே திரும்பினார். விளைவு யாது? டக்கார் நகர் சேரவேண்டிய விமானம், நூறு மைலுக்கு அப்பாலுள்ள ஸான் லூயி நகர் சேர்ந்தது. பிழை தம்முடையதே எனப் பின்னர் அவரே எழுதிவைத்தார். அப்பெருந்தன்மை போற்றற்குரியது. அன்று முன்னே இருந்தது பரந்த கண்டம். ஆதலின் பிழை பொறுக்கப்பட்டது.

பின்னர்க் கராச்சி, கல்கத்தா, சிங்கப்பூர் வழியாக நியூகினித் தீவின் லே நகரடைந்து, ஜூலை 2-ஆம் நாள் ஹௌலண்ட் தீவை நோக்கி எழுந்தனர். இடைத்தூரம் 2,500 மைலுக்கு மேற்பட்டது. தீவின் நீளமோ இரண்டு மைலும் இல்லை. காத்திருந்த இட்டாஸ்கா என்னும் கப்பலார்க்கு அம்மையாரின் குரல் தெளிவாகக் கேட்டது. அவர்தம் மறுமொழியோ பெரும்பாலும் அவர்க்கு எட்டவில்லை. கணக்கைத் திருத்தவல்ல குரல் அருகிருந்தும் பயன்படாதொழிந்தது. நெடுநாள் தேடியும் விமானம் அகப்படவில்லை. 1939-இல் அம்மையார் இறந்தவராக அறிவிக்கப்பட்டார். அவர் மறைந்த காரணம் இன்றும் துணியப்படவில்லை.

இக்காலப் பயணிகள் விமானங்களில் ஒருவர் விமானத்தைச் செலுத்த, மற்றவர் கருவிகளையும் வழியையும் ஒப்புநோக்குகின்றார். பிழை கண்டவிடத்து இளையவர் அஞ்சாது கூறவும் மூத்தவர் சினவாது கேட்கவும் 1980-ஆம் ஆண்டுகள் தொட்டுப் பயிற்சி அளிக்கப்படுகின்றது. அம்மையாரின் நெஞ்சுரத்தை நாம் வியப்போமாக. அதனோடு, துணைவர் நீட்டும் சீட்டை மதித்துப் படிக்கும் பணிவையும் பயில்வோமாக.