முத்துலட்சுமி ரெட்டி: மகப்பேறு திட்டத்துக்குப் பின்னாடி ஒரு புற்றுநோய்ப் போராட்டம்

செஞ்சிப் பக்கம் மகப்பேறு உதவித் திட்டத்தால் இந்தப் பெயர் பரிச்சயம். ஆனா, அவர் நடத்திய இன்னொரு போராட்டம் பலருக்குத் தெரியாது.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர், 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தங்கை புற்றுநோயில் இறந்தது அவரை உலுக்கிடுச்சு. வந்தா சாவுதான், இதுக்கு எதுக்குத் தனி மருத்துவமனை என்ற எண்ணம் அரசு தரப்பிலேயே இருந்த காலம் அது. அவர் விடல, நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1968-ல் முத்துலட்சுமி மறைந்தார்.

இன்னைக்கு 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். சீக்கிரம் கண்டுபிடிச்சா குணமாக வாய்ப்பு அதிகம். அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க.