ரிட்லி விட்டுச் சென்ற காய்ந்த இலைகள்

ஹென்றி நிக்கலஸ் ரிட்லி என்றதும் நம் நினைவுக்கு வருவது ரப்பர். இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் நானும் அவரை அப்படித்தான் அறிந்தேன். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அவருடைய இன்னொரு பெரும்பணி தெரிய வந்தது.

1855-இல் இங்கிலாந்தில் பிறந்த ரிட்லி, 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக வந்தார். பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்தால் ரப்பர் மரம் சாகாது, பாலும் கூடும் என்று சோதித்துக் கண்டார். விதைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோட்ட முதலாளிகளைத் தேடிப் போன அவரைப் பைத்தியம் என்று கேலி செய்தார்கள். காப்பி விலை சரிந்த பிறகே தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. அவர் கண்ட முறையில் விடியற்காலையில் பால் வெட்டியவர்கள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும்.

அதே ரிட்லி இருபது ஆண்டுகளுக்கு மேல் தீபகற்பத்தின் காடு மலைகளில் செடிகளைச் சேகரித்தார். நம் பத்துமலையும் அவர் சேகரித்த இடங்களில் ஒன்று.

முறை எளிது, உழைப்பு அதிகம். பூவோ காயோ உள்ள கிளையை வெட்டித் தாள்களுக்கு இடையே விரித்து அழுத்திக் காய வைக்க வேண்டும். ஈரமான நம் நாட்டில் தாளை அடிக்கடி மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்ததும் நிறம் போய்விடும் என்பதால் பூவின் நிறத்தை உடனே எழுத வேண்டும். இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவையும் வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் சருகு.

ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய ரிட்லி, இத்தகைய சேகரிப்புகளை ஆராய்ந்து மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களை ஐந்து தொகுதிகளாக எழுதினார். அவை 1922 முதல் 1925 வரை வெளிவந்தன. 1956-இல், நூறு வயதில் காலமானார். அவர் சேகரித்த செடிகள் சிங்கப்பூரிலும் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலும் இன்றும் இருக்கின்றன.

பத்துமலையில் ஒரு காலத்தில் கல் உடைத்தார்கள். உடைத்த பாறை திரும்பாது. அங்கே என்ன வளர்ந்தது என்பதற்குச் சாட்சி அந்தக் காய்ந்த இலைகள்தான். கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகமும் இதே முறையில் நம் நாட்டுச் செடிகளைக் காத்து வருகிறது.

அடுத்த முறை பத்துமலைக்குப் போகும்போது பாறை இடுக்குச் செடிகளைப் பாருங்கள். பறிக்க வேண்டாம், அதற்கு அனுமதி தேவை. படம் எடுங்கள்; இடத்தையும் நாளையும் எழுதி வையுங்கள்.