நாட் கிங் கோல்: ஒரு பழைய இசைத்தட்டுக்குள் இருக்கும் வாழ்க்கை

மும்பை சோர் பஜாரிலோ கொல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவிலோ பழைய இசைத்தட்டுகளைத் தேடுபவரா நீங்கள்? அப்படியென்றால் கோட் சூட் போட்டுச் சிரிக்கும் நாட் கிங் கோலின் அட்டைப்படம் என்றாவது உங்கள் கண்ணில் படலாம். மென்மையான காதல் பாட்டுக்காரர் என்று ஒதுக்கிவிடாதீங்க. அந்தத் தட்டை வாங்கும் முன் இவரைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

யார் இவர்?

1919-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமரியில் பிறந்தார். நான்கு வயதில் குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா பாப்டிஸ்ட் போதகர். அம்மா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். கோலுக்கு பியானோ சொல்லிக்கொடுத்ததும் அம்மாதான்.

ஆமாம், இவர் முதலில் பியானோ கலைஞர். பாட்டு பிறகுதான் வந்தது. 1937-இல் லாஸ் ஏஞ்சலிஸில் மூவர் குழு ஒன்றைத் தொடங்கினார். பியானோ, கிட்டார், பாஸ், அவ்வளவுதான். டிரம்ஸ் கிடையாது. இந்த அமைப்பைப் பின்னாளில் பல ஜாஸ் குழுக்கள் பின்பற்றின.

கேபிடல் ரெக்கார்ட்ஸ் 1942-இல் தொடங்கிய புது நிறுவனம். அடுத்த ஆண்டே கோல் அதில் சேர்ந்தார். அப்பாவின் பிரசங்கத்தில் கேட்ட கதையை வைத்து அவர் எழுதிய பாட்டு 1944-இல் பெரிய ஹிட். பிறகு 1950-இல் 'மோனா லிசா', 1951-இல் 'அன்ஃபர்கெட்டபிள்'. 1956-இல் ஹாலிவுட்டில் எழுந்த கேபிடலின் வட்டக் கோபுரத்துக்கு, நாட் கட்டிய வீடு என்றே பட்டப்பெயர் வந்தது.

குரலுக்கு வரவேற்பு, மனிதருக்கு?

1948-இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஹான்காக் பார்க் பகுதியில் வீடு வாங்கினார். வெள்ளையர்கள் மட்டுமே வசித்த பகுதி அது. அக்கம்பக்கத்தினர் திரண்டு எதிர்த்தார்கள். கோல் வீட்டைக் காலி செய்யவில்லை.

1956 ஏப்ரலில் அலபாமாவின் பர்மிங்ஹாமில், வெள்ளையர்கள் மட்டுமே அமர்ந்திருந்த அரங்கில் பாடிக்கொண்டிருந்தபோது சில வெள்ளையர்கள் மேடையேறி அவரைத் தாக்கினார்கள். இன்னொரு பக்கம், இனவாரியாகப் பிரித்து உட்கார வைக்கும் அரங்குகளில் பாடுவதற்காகக் கறுப்பினப் பத்திரிகைகளும் அவரைக் கடுமையாக விமர்சித்தன. இரண்டு பக்கமும் அடி.

அதே ஆண்டு நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கியது. பெரிய நட்சத்திரங்கள் குறைந்த சம்பளத்துக்கு வந்து பாடினார்கள். ஆனால் நாடு முழுக்க விளம்பரம் தர ஒரு நிறுவனமும் முன்வரவில்லை. 1957 டிசம்பரில் நிகழ்ச்சி நின்றது. அவர் தட்டுகளை வீட்டில் சுழலவிட்ட நாடு, அவர் முகத்துக்குப் பக்கத்தில் தன் சோப்பையோ பற்பசையையோ நிறுத்தத் தயங்கியது.

ஓயாமல் சிகரெட் பிடித்தவர். 1965 பிப்ரவரி 15-இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 45 மட்டுமே.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு கணக்கு பாருங்கள். 'தி கிறிஸ்துமஸ் சாங்' பாட்டை அவர் நான்கு முறை பதிவு செய்தார்: 1946-இல் இரண்டு முறை, 1953, 1961. இன்று எங்கும் ஒலிப்பது 1961 பதிவு. பாட்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது.

1961-இல் வந்த 'தி நாட் கிங் கோல் ஸ்டோரி' தொகுப்பும் அப்படித்தான். பழைய ஹிட்களில் பலவற்றை ஸ்டீரியோவில் மறுபடி பாடித் தந்தார். நன்றாக இருக்கும், ஆனால் அது 1940-களின் குரல் அல்ல.

அட்டையில் 'டூயோஃபோனிக்' என்று இருந்தால் கவனம். மோனோ பதிவைச் செயற்கையாக ஸ்டீரியோ போல மாற்றியது அது. மோனோ தட்டு கிடைத்தால் அதையே எடுங்கள். பியானோ கலைஞர் கோலைக் கேட்க வேண்டுமா? 1957-இல் வந்த 'ஆஃப்டர் மிட்நைட்' தேடுங்கள்.

அட்டையின் பின்பக்கத்தில் ஆண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். 1956, 1957 என்று இருந்தால், மேடையில் அடி வாங்கியும் விளம்பரதாரர் கிடைக்காமலும் இருந்த நாட்களில் அவர் இவ்வளவு நிதானமாகப் பாடியிருக்கிறார் என்பது புரியும்.