அச்சமும் பொய்யும் அரியணை ஏறும் வழி
ஜார்ஜ் ஆர்வெல் வாழ்வும் ‘விலங்குப் பண்ணை’யும்

குடிகள் அஞ்சி நடுங்குமாறு ஆளுதல் தகாது என்பதற்காகவே வள்ளுவப் பெருந்தகை ‘வெருவந்த செய்யாமை’ என ஓர் அதிகாரத்தை வகுத்தார். எனினும், அச்சத்தையே கருவியாகக் கொண்டு ஆட்சியைக் கைப்பற்றுவோர் எக்காலத்தும் இருந்தே வந்துள்ளனர். அவர்கள் அதனை எவ்வாறு செய்கின்றனர் என்பதைச் சிறியதோர் உருவகக் கதையால் இருபதாம் நூற்றாண்டு உலகிற்கு விளக்கியவர் ஜார்ஜ் ஆர்வெல். ஏட்டறிவு மட்டும் அக்கதையை ஈன்றுவிடவில்லை. பர்மாவிலும் ஸ்பெயினிலும் இலண்டன் வானொலி நிலையத்திலும் பட்டறிந்த உண்மைகளே அதற்கு வித்தாயின என்பதை அவர்தம் வாழ்க்கை வரலாற்றால் நாம் அறிகிறோம்.

இளமையும் பர்மாப் பணியும்

எரிக் ஆர்தர் பிளேர் என்பது அவரது இயற்பெயர். 1903ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் இன்றைய பீகார் மாநிலத்து மோதிஹாரியில் பிறந்தார். தந்தையார் ஆங்கில அரசின் அபினித் துறை அலுவலர். குழந்தைப் பருவத்திலேயே தாயாருடன் இங்கிலாந்து சென்றவர், ஈட்டன் பள்ளியில் உதவித்தொகை பெற்றுப் பயின்றார். பல்கலைக்கழகக் கல்வியை நாடாது 1922இல் பர்மாவில் காவல்துறை அதிகாரியானார்.

ஆளப்படுவோர் அஞ்சுவதை அங்கே கண்டார். ஆள்வோரும் அஞ்சுவதைத் தம் நெஞ்சிலேயே கண்டார். கூட்டத்தின் நகைப்புக்கு அஞ்சி, மதம் தணிந்து நின்ற யானையைச் சுட்டுக் கொல்லும் அதிகாரியைப் பற்றி 1936இல் அவர் எழுதிய கட்டுரை இதற்குச் சான்றாகும். 1927இல் விடுப்பில் தாயகம் திரும்பியவர் அப்பணியைத் துறந்தார். பாரிஸிலும் இலண்டனிலும் வறியவருள் வறியவராய் வாழ்ந்த பட்டறிவை 1933இல் நூலாக்கியபோதுதான் ஜார்ஜ் ஆர்வெல் என்னும் புனைபெயரைச் சூடினார்.

ஸ்பெயின் தந்த பாடம்

ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1936 டிசம்பரில் அங்குச் சென்ற ஆர்வெல், பிராங்கோவின் படையை எதிர்த்து, ஸ்டாலினை ஏற்காத மார்க்சியக் கட்சி ஒன்றின் தொண்டர் படையில் சேர்ந்து போரிட்டார். 1937 மே 20ஆம் நாள் பகைவரின் குண்டு அவர் கழுத்தைத் துளைத்தது. மயிரிழையில் உயிர் தப்பினார்.

குண்டினும் கொடியது பின்னர் வந்தது. ஸ்டாலின் சார்பினர், அக்கட்சியினர் அனைவரும் பிராங்கோவின் கையாட்கள் எனப் பழி சுமத்தினர். கட்சி தடை செய்யப்பட்டது. அதன் தலைவர்களுள் ஒருவரான ஆந்திரேயு நின் கடத்திக் கொல்லப்பட்டார். களத்தில் குருதி சிந்தியோர் சிறையில் வாடினர். ஆர்வெலும் துணைவியாரும் எல்லை கடந்து பிரான்சுக்குத் தப்பினர். நடவாத போர்கள் நடந்தனவாகவும், வீரர்கள் துரோகிகளாகவும் செய்தித்தாள்களில் எழுதப்பட்டதை அவர் கண்ணாரக் கண்டார்.

1941 முதல் 1943 வரை பி.பி.சி. வானொலியின் கீழ்த்திசைப் பிரிவில், இந்தியாவுக்கான ஒலிபரப்பில் பணியாற்றினார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய செய்தி விமரிசனங்கள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டு ஒலிபரப்பாயின. போர்க்காலத் தணிக்கைக்கு உட்பட்ட அப்பணியும் பிரசாரமே. ஆகவே, பிரசாரத்திற்கு இலக்கானவராகவும் அதனை இயற்றியவராகவும் இருந்து அதன் இயல்பை அவர் உணர்ந்திருந்தார்.

விலங்குப் பண்ணை

வானொலிப் பணியை விட்ட உடனே, 1943 நவம்பர் முதல் 1944 பிப்ரவரி வரையிலான காலத்தில் இக்கதையை எழுதி முடித்தார். அப்போது சோவியத் ஒன்றியம் பிரிட்டனின் போர்க்காலத் தோழமை நாடு. எனவே பதிப்பகத்தார் பலர் நூலை மறுத்தனர், கவிஞர் டி.எஸ். எலியட் இயக்குநராயிருந்த பேபர் நிறுவனமும் மறுத்தது. ஐரோப்பாவில் போர் முடிந்த பின்னர், 1945 ஆகஸ்ட் 17இல் நூல் வெளிவந்தது. தமிழில் இதனை க.நா.சு. மொழிபெயர்த்தார்.

1917 ரஷ்யப் புரட்சியும் அதன்பின் எழுந்த ஸ்டாலின் ஆட்சியுமே கதையின் கரு. விலங்குகள் குடிகார உரிமையாளன் ஜோன்ஸை விரட்டிவிட்டுச் சமத்துவம் காண முயல்கின்றன. ஆனால் முதல் நாளிலேயே பால் காணாமற் போகிறது. அது பன்றிகளுக்கே உரித்தாகிறது. பிற விலங்குகள் வாளாவிருக்கின்றன. நெப்போலியன் என்னும் பன்றி ஒன்பது நாய்க்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து மறைவில் வளர்க்கிறது. அவை வளர்ந்ததும் போட்டித் தலைவனான ஸ்னோபாலைத் துரத்துகின்றன. அதன்பின் நேரும் தீங்கு அனைத்திற்கும் ஓடிப்போனவனே காரணம் எனப்படுகிறது. ஸ்குவீலர் என்னும் பன்றி, ஐயம் எழும்போதெல்லாம் ஜோன்ஸ் திரும்பி வருவான் என அச்சுறுத்துகிறது. சுவரில் எழுதிய ஏழு கட்டளைகளை இரவோடிரவாகத் திருத்துகிறது. ஆட்டுக் கூட்டத்தின் கூச்சலில் மறுப்புக் குரல் மூழ்கிப்போகிறது. நாய்களின் பற்களும் ஸ்குவீலரின் நாவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இக்கதையில் நாம் ஊன்றி நோக்கத்தக்க பாத்திரம் கழுதை பெஞ்சமின். அது நன்கு படிக்கத் தெரிந்தது. கட்டளைகள் மாறுவதை அறியும் ஆற்றல் உடையது. எனினும் வாய் திறப்பதில்லை. உழைத்துத் தேய்ந்த நண்பன் பாக்ஸர் என்னும் குதிரை இறைச்சிக் கூடத்துக்குக் கொண்டு செல்லப்படும்போதுதான், வண்டியின்மேல் எழுதியிருப்பதைப் படித்துக் கதறுகிறது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. கொடுங்கோன்மைக்கு அறியாதாரின் நம்பிக்கை எத்துணை உரமாகுமோ, அத்துணை உரமாகும் அறிந்தாரின் மௌனமும்.

இறுதிக் காலம்

காசநோயால் நலிந்த நிலையிலும் ‘1984’ என்னும் நாவலை எழுதி 1949இல் வெளியிட்டார். அதே ஆண்டில், பொதுவுடைமைச் சார்புடையோர் எனத் தாம் கருதிய 38 பேரின் பெயர்களைப் பிரிட்டன் அரசின் பிரசாரத் துறை ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தார். இச்செயல் இன்றளவும் கண்டிக்கப்படுவது. அதனை நாம் மறைத்தல் முறையன்று. 1950 ஜனவரி 21இல், தம் 46ஆம் வயதில், இலண்டனில் மறைந்தார்.

1954இல் இக்கதை கேலிச்சித்திரத் திரைப்படமானது. அமெரிக்க உளவுத்துறை மறைமுகமாகப் பொருளுதவி செய்த அப்படத்தில், விலங்குகள் மீண்டும் கிளர்ந்தெழுவதாக முடிவு மாற்றப்பட்டது. பிரசாரத்தைத் தோலுரித்த நூலே மற்றொரு பிரசாரத்திற்குக் கருவியாயிற்று! இவ்வழி எந்த ஒரு நாட்டிற்கோ கொள்கைக்கோ மட்டும் உரியதன்று என்பது இதனால் புலனாகும்.

கல்வி கற்றோர் சுவரில் எழுதியிருப்பதைப் படித்தால் மட்டும் போதாது. நேற்று அங்கே என்ன எழுதியிருந்தது என்பதை நினைவிற் கொள்ளவும், மாற்றம் நேர்ந்த அன்றே பிறருக்கு எடுத்துரைக்கவும் வேண்டும். ஆர்வெலின் வாழ்விலிருந்து மாணவச் செல்வங்களும் ஆசிரியர்களாகிய நாமும் பெறத்தக்க பாடம் இதுவே.