ஐடா ஸ்கடர்: ஒரு படுக்கையில் தொடங்கிய மருத்துவமனை கிராமத்தைத் தேடிப் போனது ஏன்?

உங்கள் ஊருக்கு வாரம் ஒருநாள் மருத்துவ வேன் வருகிறதா? வீட்டுக்கே வந்து கர்ப்பிணிகளைக் கணக்கெடுக்கும் செவிலியரைப் பார்த்திருக்கிறீர்களா? இதெல்லாம் நமக்கு இன்று சாதாரணம். ஆனால் நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனையே தேடிப் போக வேண்டும் என்பதை, நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியவர்களில் ஒருவர் ஐடா ஸ்கடர். வேலூர் சி.எம்.சி-யின் நிறுவனர்.

யார் இவர்?

1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா இருவருமே அமெரிக்க மிஷனரி மருத்துவர்கள். ஐடாவுக்கோ இந்த வேலையே வேண்டாம் என்றிருந்தது. அமெரிக்காவில் படித்து, அங்கேயே தங்கிவிடத்தான் நினைத்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால் திண்டிவனம் வந்தார்.

பிறகு மனம் மாறியது எப்படி?

1890-களின் தொடக்கத்தில் ஒரே இரவில் மூன்று பேர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் முஸ்லிம், இருவர் உயர்சாதி இந்துக்கள். மூவரின் மனைவியும் பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். ஐடாவோ அப்போது மருத்துவரே அல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இது ஐடாவே பின்னாளில் பலமுறை சொன்ன சம்பவம். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊரில் மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது. ஆனால் அந்தப் பெண்களுக்கு அது எட்டவில்லை.

வேலூரில் என்ன செய்தார்?

1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட அக்கல்லூரியின் முதல் வகுப்பு அது. 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தந்த 10,000 டாலரில், 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

அதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை. வண்டி கட்டி வர வசதியில்லாதவர்களுக்கு 40 படுக்கை இருந்தாலும் ஒன்றுதான், 400 இருந்தாலும் ஒன்றுதான். அதனால் அந்த முதல் பத்தாண்டிலேயே அவர் சாலைக்கு இறங்கினார். முதலில் மாட்டு வண்டி, பிறகு ஒரு சின்ன பெஜோ கார். 30 கி.மீ-க்கு மேல் தள்ளியிருந்த குடியாத்தம் வரை வாரம்தோறும் பயணம். வழியில் குறித்த இடங்களில் மரத்தடியில் நிறுத்தி, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கண் பார்ப்பது, பல் பிடுங்குவது எல்லாம் அங்கேயே நடந்தது. நிலைமை மோசமானவர்களை மட்டும் வேலூருக்கு அழைத்து வந்தார்கள்.

கார் மட்டும் போதுமா?

போதாது, ஆட்களும் வேண்டும். ஒருவரே எத்தனை ஊருக்குப் போக முடியும்? 1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளி வந்தது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. முதல் ஆண்டிலேயே 151 பெண்கள் விண்ணப்பித்தார்கள். 1922-ல் முதல் அணியில் 14 பேர் தேறி வெளியே வந்தார்கள். அந்த இரவில் கிடைக்காத பெண் மருத்துவர் இப்போது 14 பேராக நின்றார்.

1930-களின் இறுதியில் அடுத்த சிக்கல். பட்டப்படிப்பு நடத்தும் தரத்துக்கு உயர வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும் என்ற நிலை. 70 வயதைத் தாண்டிய ஐடா அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். பெண்களுக்காகவே தொடங்கிய கல்லூரியில் ஆண்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. பழைய ஆதரவாளர்கள் சிலருக்கு இதில் வருத்தம்தான். கல்லூரி பிழைத்தால்தான் சேவையும் பிழைக்கும் என்று ஐடா ஒத்துக்கொண்டார்.

இன்று என்ன மிச்சம்?

1960 மே 24 அன்று கொடைக்கானலில் ஐடா காலமானார். சி.எம்.சி-யில் இன்று 2,000-க்கும் மேற்பட்ட படுக்கைகள் உள்ளன. ஆனால் சாலையோர மருத்துவம் நின்றுபோகவில்லை. 1977-ல் கே.வி.குப்பம் வட்டாரத்துக்கென்றே ‘ரூசா’ என்ற ஊரக நலவாழ்வுப் பிரிவு தொடங்கப்பட்டது.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது நம் நாட்டின் அரசு விதிமுறை. அடுத்த முறை பெரிய மருத்துவமனை ஒன்றின் திறப்பு விழாச் செய்தியைப் படிக்கும்போது, படுக்கை எத்தனை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கே வர முடியாதவர்களிடம் யார் போகிறார்கள் என்றும் கேளுங்கள்.