வாவியோசைக்குச் செவிகொடுத்த துறவி

மட்டக்களப்பு வாவியிலே, நிலவெறிக்கும் இரவுகளில், கல்லடிப் பாலத்துக்கு அண்மையில் ஓடத்தை நிறுத்தி, துடுப்பின் ஒரு தலையை நீரில் அமிழ்த்தி, மறுதலையிற் காதை வைத்தால் ஓர் இன்னொலி கேட்கும் என்பது அங்கே மீன்பிடிப்போர் வழிவழியாக அறிந்த செய்தி. 1848 ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கத்தின் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் தெனன்ற் என்பார் அங்கு சென்று அவ்வொலியைத் தம் காதாற் கேட்டு, பின்னர் இலங்கையைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலில் அதனைக் குறித்துவைத்தார். ஓடக்காரர் அவருக்கு ஒருவகை ஊரியைக் காட்டி, ஒலிப்பது அதுவே என்றனராம். மற்றையோர் மீனே பாடுகிறது என்றனர். ஊருக்கு 'மீன்பாடும் தேனாடு' என்னும் அழகிய பெயரும் வாய்த்தது.

பெயர் வாய்த்ததும் பெரும்பாலோர் அமைதியடைந்துவிடுகின்றனர். ஒரு பொருளின் பெயரை அறிந்தவுடன் அப்பொருளையே அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுதல் மனித மனத்தின் பழைய மயக்கம். நாள்தோறும் காண்பதையும் கேட்பதையும் பற்றி நாம் வினவாதிருத்தற்கு இம்மயக்கமே காரணம். இம்மயக்கத்துக்கு ஆட்படாமல், தம் காதில் விழுந்த ஒரு சொல்லையும் வினவாது விடாத ஒருவர் நம் நாட்டிலே வாழ்ந்தார். அவரே விபுலாநந்த அடிகளார். அவருடைய வரலாற்றை நம் சங்கத்து இளைஞர் பலரும் ஒருவாறு அறிவர். எனினும், அவருடைய அறியும் வேட்கை எங்கே தோன்றி, எவ்வழி நடந்து, எங்கே சென்று முற்றியது என்பதை மட்டும் ஈண்டுத் தொடர்ந்து நோக்குதல் நமக்குப் பயன் தரும்.

காரைதீவுச் சிறுவர்

அடிகளார் 1892 ஆம் ஆண்டு பங்குனித் திங்களில், கீழ் மாகாணத்துக் காரைதீவிலே, சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். காரைதீவிலே கண்ணகை அம்மன் கோயில் உண்டு. வைகாசித் திங்களில் அங்கே குளிர்த்தி விழா நடைபெறும். கோவலன் கதையும் கண்ணகி வழக்குரைத்த கதையும் பாட்டாக ஓதப்படும். ஏட்டிலே சிலப்பதிகாரத்தைப் படிப்பதற்கு முன்னரே, உடுக்கொலியோடு அதனைக் காதாற் கேட்டு வளரும் பேறு அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு உண்டு. அவர் பிறந்த அதே 1892 ஆம் ஆண்டிலேதான், தமிழகத்தில் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சிட்டு வெளிப்படுத்தினார் என்பது எண்ணி மகிழத்தக்கது. நூல் ஒரு கரையிலும், அந்நூலின் இசைப்பகுதியை ஆராயப் பிறந்த பிள்ளை மற்றொரு கரையிலுமாக, ஒரே ஆண்டில் வெளிவந்தனர்.

மயில்வாகனனார் ஊரில் ஆசிரியரிடம் தமிழ் பயின்று, பின்னர் கல்முனையிலும் மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி கற்றார். கணிதத்திலே அவருக்கு மிகுந்த விருப்பம். பதினாறாம் வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்புக்குச் சென்றவர், அங்கே அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத்தையும், ஓய்வு நேரங்களிலே தமிழறிஞரை அடுத்துப் பழந்தமிழ் நூல்களையும் ஒருங்கே கற்றார்.

அக்காலத்து வழக்கத்தை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும். விஞ்ஞானங் கற்றோர் தமிழை வீட்டுமொழி என்று ஒதுக்கினர். தமிழ் கற்றோர் விஞ்ஞானத்தைப் பிறர் பொருள் என்று ஒதுக்கினர். இரண்டுக்கும் இடையே ஒரு மதில் இருந்தது. மயில்வாகனனார் அம்மதிலை மதித்தாரல்லர். 1916 ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டித பரீட்சையிலே தேறினார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தையும் பின்னர் பெற்றுக்கொண்டார். யாழ்ப்பாணம் சென்று அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகவும், 1920 முதல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராகவும் பணியாற்றினார்.

துறவும் தொண்டும்

உலகப்பொருளை ஆராய்ந்த மனம் தன்னையும் ஆராயத் தலைப்பட்டது. 1922 ஆம் ஆண்டில் அவர் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924 ஆம் ஆண்டில், ஸ்ரீ இராமகிருஷ்ணரின் நேர்ச்சீடரான சுவாமி சிவாநந்தரிடம் துறவு பெற்று, சுவாமி விபுலாநந்தர் ஆனார்.

துறவு பூண்டோர்க்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போர் உளர். ஆசையைத் துறத்தல் வேறு, அறிவைத் துறத்தல் வேறு. தனக்கென ஒன்றும் வேண்டாத மனத்திலே வினாக்கள் மாசின்றி எழும் என்பதற்கு அடிகளாரின் வாழ்வே சான்று. 1925 ஆம் ஆண்டில் ஈழம் மீண்டு, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை ஊர் ஊராகப் பேணினார். 1929 ஆம் ஆண்டில், வாவிக்கரையை அடுத்த கல்லடி உப்போடையிலே, தம் குருவின் பெயரால் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் கல்வியும் அளித்தார்.

1931 ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். பாரதியாரின் பாட்டைப் புலவர் பலர் பொருட்படுத்தாத காலத்தில், அதனைப் பல்கலைக்கழகத்தினுள்ளே பயிலச் செய்தவர் அவர். மாலை வேளைகளில், அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கும் கல்வி புகட்டினார். தொல்காப்பியம் கற்றவருக்குப் பாரதி எதற்கு, பேராசிரியருக்குச் சேரியில் என்ன வேலை என்று பிறர் வரைந்த எல்லைகளை அவர் ஒவ்வொன்றாகக் கடந்தார். 1936 ஆம் ஆண்டில் சென்னையிலே நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பித்தற்கு வழிகோலினார்.

யாழ் எங்கே?

இனி, அவர் வாழ்வின் பெருவினாவுக்கு வருவோம்.

யாழ் என்னும் சொல்லை அறியாத தமிழர் இல்லை. ஈழத்திலோ அது ஒரு நகரின் பெயரிலும் ஒரு தேசத்தின் பெயரிலும் நாள்தோறும் வழங்குவது. திருஞானசம்பந்தப் பிள்ளையாரோடு திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழேந்திச் சென்ற வரலாற்றைப் புராணம் படிக்கும் இடமெல்லாம் கேட்கின்றோம். ஆனால் யாழைக் கண்டவர் யார்? அதன் நரம்பை மீட்டிக் கேட்டவர் யார்? அக்கருவி வழக்கிழந்து பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. வீணையைத்தான் முன்னோர் யாழ் என்றனர் என்று சொல்லிப் பலர் அமைந்துவிட்டனர். வாவியில் எழுந்த ஓசைக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது. பெயர் இருந்தது, பொருள் மறைந்தது.

அடிகளார் அவ்வாறு அமைந்துவிடவில்லை. வீணையிலே ஒரு தந்தியைப் பல இடங்களில் அழுத்திப் பல சுரங்களை எழுப்புகின்றோம். யாழிலோ ஒவ்வோர் இசைக்கும் ஒவ்வொரு நரம்பு. ஆகவே இரண்டும் ஒன்றாகா. பின் யாழ் எவ்வாறிருந்தது? அவர் பத்துப்பாட்டைத் திறந்தார். யாழின் பத்தரை மான்குளம்பு பதிந்த சுவட்டுக்கு ஒப்பிட்ட பாணர் பாட்டை, ஒரு தச்சன் வரைபடத்தை நோக்குவதுபோல் நோக்கினார். குமிழங்கொம்பை வளைத்து, மரல்நாரை நரம்பாகக் கட்டி, இடையன் ஒருவன் செய்துகொண்ட வில்யாழை அங்கே கண்டார். வேட்டுவன் வில்லின் நாணொலியிலிருந்தே யாழ் பிறந்தது என்னும் கருத்து அவருக்கு உறுதிப்பட்டது. அதன்பின் பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என ஒவ்வொன்றின் உறுப்பையும் நரம்பின் தொகையையும் ஆராய்ந்தார்.

வடிவம் கிடைத்தாற் போதுமா? எந்த நரம்பை எந்தச் சுருதியிற் கூட்டுவது? இங்கேதான் கணிதமும் பௌதிகமும் கைகொடுத்தன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழிசையின் ஏழு நரம்புகள். இவற்றுக்குப் பழையோர் முறையே நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என அலகு வகுத்தனர். கூட்டினால் இருபத்திரண்டு வரும். சிலப்பதிகாரத்துப் பழைய உரைகள், சோதிடர் வரையும் பன்னிரண்டு இராசி வீடுகளையே இசைக்குரிய வீடுகளாகக் கொண்டு, குரலைத் துலாத்திலும் இளியை அதற்கு எட்டாம் வீடாகிய இடபத்திலும் நிறுத்துகின்றன. இவ்வுரைகளைப் படித்த பலர், விளங்காத பழங்கணக்கு என்று கடந்து சென்றனர்.

விஞ்ஞானம் கற்ற அடிகளார் அதன் உட்பொருளைக் கண்டார். முப்பத்தாறு விரல் நீளமான நரம்பு ஒன்று குரலைத் தருமாயின், அதே நரம்பின் இருபத்துநான்கு விரல், அஃதாவது மூன்றில் இரண்டு பங்கு, இளியைத் தரும். பதினெட்டு விரல், அஃதாவது பாதி, மேற்குரலைத் தரும். இளியைக் குரலாகக் கொண்டு அதற்கோர் இளி, அதற்கு மற்றோர் இளி என்று பன்னிரண்டு முறை சென்றால் தொடங்கிய வீட்டுக்கே மீள்வதுபோலத் தோன்றும். ஆயினும் சரியாக மீளாது. மயிரிழையளவு மிகும். அம்மயிரிழையிலேதான் அலகுக் கணக்கின் நுட்பமெல்லாம் அடங்கியிருக்கின்றது. பழைய உரையாசிரியர் இராசி வட்டத்திலே சொன்னதை அடிகளார் பின்னக் கணக்கிலே எழுதிக் காட்டினார். தமிழ்ப் பண்டிதர் மட்டுமாயிருந்தால் இக்கணக்கு அவர் கண்ணுக்குப் புலப்பட்டிராது. விஞ்ஞானப் பட்டதாரி மட்டுமாயிருந்தால் அவ்வுரையை அவர் கையிலெடுத்திருக்கமாட்டார்.

இவ்வாராய்ச்சி ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் நடந்தது. இடையிலே அவருக்கு ஓய்வு ஏது? இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்திற் 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராயிருந்தார். 1943 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இடம் மாறியது, பணி மாறியது, உடலும் நலிந்தது. வினா மட்டும் அவரை விட்டு அகலவில்லை.

அரங்கேற்றம்

1947 ஆம் ஆண்டு யூன் 5, 6 ஆம் நாள்களில், தஞ்சை நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் ஆதரவில், 'யாழ்நூல்' அரங்கேறியது. அது நிறைவெய்துதற்குப் பொருளுதவி செய்தவர் புதுக்கோட்டைச் சிதம்பரஞ் செட்டியார். ஆற்றிலே வெள்ளம் பெருகிய காலத்தில், ஓடம் செலுத்துவோர் இன்றியே, சம்பந்தப் பிள்ளையார் பதிகம் பாடி ஓடத்திற் கரை சேர்ந்த தலம் அது. அடிகளாரின் கணக்குப்படி செய்யப்பெற்ற யாழ்களை அங்கே எடுத்துவந்து இசைத்தும் காட்டினர். பல நூற்றாண்டாகப் பெயராக மட்டும் இருந்த ஒன்று, நரம்பும் ஒலியுமாக மக்கள் முன் வந்தது.

அந்நூலின் முதற்பகுதியிலே அடிகளார் வைத்த பாட்டு யாது தெரியுமா? மட்டக்களப்பு வாவியின் ஓசையை நீரரமகளிர் எழுப்பும் ஏழிசையாகக் கண்டு பாடிய பாட்டே அது. பெருநூலுக்கு வாயில், தம் ஊரார் நாள்தோறும் கேட்டுக் கடந்துசென்ற ஓர் ஓசை!

அரங்கேற்றம் முடிந்து ஆறு வாரம் சென்றதும், 1947 ஆம் ஆண்டு யூலை மாதம் 19 ஆம் நாள், அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அவருடைய சமாதி, வாவிக்கரையிலே, அவர் நிறுவிய சிவாநந்த வித்தியாலய வளவில் இருக்கின்றது. யாழ்நூலின் முடிபுகள் எல்லாவற்றையும் பின்வந்த இசையறிஞர் ஏற்றனர் என்று சொல்லல் இயலாது. சிலவற்றை மறுத்தோரும் உளர். அதனால் அடிகளாருக்குக் குறைவில்லை. மறுப்போரும் அந்நூலைத் திறந்தே மறுக்கவேண்டியிருக்கின்றது. வினாவை எழுப்பி அடுத்த தலைமுறையின் கையிற் கொடுத்தவர் தம் கடனைச் செய்தவராவர்.

நாம் செய்யத்தக்கது

இளைஞர்களே! அடிகளாருக்குக் கிடைத்த கருவிகள் யாவை? காதில் விழுந்த கோயிற்பாட்டு, ஊர் வாவியின் ஓசை, எல்லாரும் வழங்கும் ஒரு சொல், சோதிடர் வரையும் பன்னிரு வீடு. இவை நம் ஒவ்வொருவர் வாசலிலும் கிடப்பவையே. பரீட்சைக்கு வராத கேள்வியாற் பயன் யாது என்று இந்நாளில் நம்முட் பலர் கேட்கின்றனர். யாழைப் பற்றிய வினா எந்தப் பரீட்சையிலும் அவருக்கு வந்ததன்று.

கோயிலிலே நாகசுரமும் தவிலும் ஒலிக்கும்போது, இன்று வாசிப்பது என்ன பண் என்று வித்துவானைப் பணிவோடு கேளுங்கள். குளிர்த்தியிலே ஓதும் பாட்டை ஓதுபவர் அருகிருந்து எழுதிக்கொள்ளுங்கள். பாட்டியார் சொல்லும் ஒரு பழஞ்சொல்லுக்குப் பொருள் வினவுங்கள். பெரியோர்களே! பிள்ளைகள் கேட்கும்போது அதட்டி வாயடைக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை அவர்களோடு இருந்து தேடுங்கள். அந்தப் பாட்டை அறிந்தவர் மறைந்தபின், அதனைத் தேடிக் கண்டெடுக்க இன்னொரு விபுலாநந்தர் பிறக்கும்வரை எத்தனை நூற்றாண்டு காத்திருப்பது?

வாவி ஒலித்துக்கொண்டேயிருக்கின்றது. துடுப்பிற் காதை வைப்பார்தாம் வேண்டும். அடிகளார் திருவடி வாழ்க!