விமானி ஜே. ஆர். டி. டாட்டா

கல்வி கல்லூரி வாசலோடு முடிந்துவிடுவதன்று என்பதை எமது ஆசிரியப் பெருமக்கள் எமக்கு இடையறாது போதித்தனர். அப்போதனைக்கு உதாரண புருஷராய் வாழ்ந்த ஒருவரின் சரித்திரத்தை இம்மலரில் சுருங்க வரைகின்றோம். ஜே. ஆர். டி. டாட்டா அவர்களைக் கைத்தொழில் அதிபர் என்றே உலகம் நன்கறியும். நாம் இங்கு கூற முற்படுவது அவர் விமானம் ஓட்டப் பயின்ற வரலாற்றையே.

அன்னார் 1904 ஆம் ஆண்டு ஜூலை 29 ஆந் திகதி பாரிஸ் நகரில், பார்சித் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் மகனாகப் பிறந்தார். விடுமுறைக் காலத்தைக் கழித்த கடற்கரையூரில், 1909 இல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதல் கடந்த பிளேரியோ அவர்களும் இல்லம் கொண்டிருந்தார். அங்கு வந்திறங்கிய விமானங்களைக் கண்ட சிறுவனின் உள்ளம் வானையே நாடிற்று. எனினும், அவ்வாசை நிறைவேற இருபத்து நான்கு வயது வரை காத்திருக்க நேர்ந்தது. பம்பாயில் விமானச் சங்கம் தொடங்கியதும் அதிற் சேர்ந்து, நான்கு மணி நேரத்துக்கும் குறைந்த பயிற்சியின் பின் தனியே பறந்தார். 1929 பெப்ரவரி 10 இல் இந்தியாவில் வழங்கப்பெற்ற முதலாம் இலக்க அனுமதிப்பத்திரம் அவருக்கே கிட்டியது.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்குமிடையே தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் பரிசொன்றை அறிவித்தார். அடுத்த ஆண்டில் டாட்டா கராச்சியிலிருந்து புறப்பட்டார். எதிர்த்திசையில் வந்த ஆஸ்பி எஞ்சினியர் என்னும் இளைஞர், எகிப்து தேசத்து அபூகிரில், யந்திரத்துக்கு வேண்டிய ‘பிளக்’ இன்றித் தவித்து நின்றார். தம்மிடமிருந்ததைக் கொடுத்து உதவினார் டாட்டா. சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு ஆஸ்பிக்கே சென்றது.

1932 ஒக்டோபர் 15 இல் ‘புஸ் மொத்’ என்னுஞ் சிறு விமானத்திற் கடிதப் பொதிகளை ஏற்றிக் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து அவற்றைச் சென்னைக்குக் கொண்டு சென்றவர் அவர் நண்பர் நெவில் வின்சென்ட். 1938 இல் அச்சேவை கொழும்பு வரை நீண்டபோது, கப்பலையும் ரயிலையுமே நம்பியிருந்த எமது கடிதப் போக்குவரத்துக்கு வான்வழியும் திறந்தது. அச்சிறு தொடக்கமே பின்னர் ஏர் இந்தியாவாக வளர்ந்து, 1960 இல் ஜெட் விமானங்களையும் பெற்றது. 1978 வரை அதன் தலைவராக விளங்கினார் டாட்டா.

இனி நாம் வியந்து போற்றும் நிகழ்ச்சிக்கு வருவோம். முதற் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், 1982 இல், எழுபத்தெட்டு வயது முதியவராய் அதே வழியில் மீண்டும் தனியே பறந்தார். இம்முறை ஏறியது ‘லெப்பர்ட் மொத்’. 1933 இல் முதன்முதல் பறந்த இனத்தது. அதன் யந்திரத்தின் ஆற்றல் 130 குதிரைவலு மட்டுமே.

பெரு விமானத்திற் பழகியவர்க்கு இத்தகைய பழம்பொறி முற்றிலும் புதிய பாடமாகும். தரையில் நிற்கையில் வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்திருத்தலால் எதிரே உள்ள பாதை மறையும். இறங்கி ஓடுகையில் சிறிதே திரும்பினும் அத்திருப்பம் தானே வளரும். ஆதலால் முற்றாய் நிற்கும்வரை கால்கள் சுக்கானை விடலாகாது. வேகம் குறைந்துவிடின் யந்திரம் உடனே கைகொடாது. மூக்கைத் தாழ்த்தி, உயரத்தைக் கொடுத்தே வேகத்தை வாங்குதல் வேண்டும்.

எமது மலைநாட்டை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை நன்கு விளங்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்திலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கே சிறு யந்திரம் மேலும் வலுவிழக்கும். மலை முகட்டைக் கடந்த காற்றோ மறுபுறம் கீழ்நோக்கிப் பாயும். அதில் அகப்பட்ட சிறு விமானம், யந்திரம் முழு வேகத்தில் ஓடினும் தாழ்ந்துகொண்டே போகலாம். பேராற்றல் மட்டும் காக்கும் என்றும் கருதலாகாது. 1974 டிசம்பர் 4 இல், தாம் இருக்கும் இடத்தை விமானிகள் பிழையாகக் கணித்துத் தாழப் பறந்தமையால், நான்கு யந்திரங் கொண்ட பெரு விமானமொன்று மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேர் மாண்டனர். சிறிதாயினும் பெரிதாயினும், தன் பொறியின் எல்லையையும் தான் நிற்கும் இடத்தையும் அறிந்தவனே விமானி.

ஜெட் விமானங்களை ஆண்ட ஒரு நிறுவனத்தின் தலைவராயிருந்தவர், ஐம்பதாண்டு அனுபவத்தை மூலதனமாய்க் கொண்டும் அதில் இறுமாவாது, சிறு பொறியின் முன் மாணவராய் அமர்ந்தார். இளந்தலைமுறை ஊக்கம் பெறுதலே அவர் நோக்கம். 1992 இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 1993 நவம்பர் 29 இல் ஜெனீவாவில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

கல்லூரியை விட்டுப் பல்லாண்டு கழிந்து, தலை நரைத்து, பதவிகள் பல வகித்து இன்று விழாவுக்குத் திரும்பியிருக்கும் பழைய மாணவராகிய எமக்கு இச்சரித்திரம் கூறுவது யாது? கற்றவர் என்ற பெயரைக் கழற்றி வைத்து மீண்டும் முதல் வாங்கில் அமரும் துணிவு எமக்குண்டா என்பதே. இன்று அவ்வாங்குகளில் அமர்ந்திருக்கும் இளையோரும், பரிசை இழந்தும் பிளக்கைக் கொடுத்த அக்கையை மறவாதிருப்பாராக.